எத்தோரேக்குக் கொடுத்த அந்தி

தொம்மையார்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒரு பொருளை மூன்று தடவை அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும், கொடுக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது, கொடுத்தபிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இதனால் அந்தக் கடற்கரை ஊரில் விருந்தாளி வருகிறார் என்றதும் பெண்கள் நல்ல பாத்திரங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளுவார்கள், ஆண்கள் சேவலைப் பக்கத்து வீட்டுக்குக் கடத்துவார்கள். அப்படியும் கொழும்பிலிருந்து வந்த ஒரு சித்தப்பா ஊஞ்சல் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார், திருவிழாவுக்குப் பிரசங்கம் வைக்க வந்த ஒரு சாமியார் சினையாட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ஊர் கூடியிருக்கும்போது கொடுத்தவன் எழுந்து நின்று, தன் வாயால், திருப்பிக் கொடு என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவன் ஒருத்தன்கூட ஊர் நினைவில் இல்லை, ஏனென்றால் ‘கொடுத்துக் கேட்டவன்’ என்பதுதான் அங்கிருந்த வசவுகளிலேயே பெரிய வசவு, அந்தப் பேர் விழுந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

இந்த ஊருக்குத்தான் இத்தாலிக்காரர்கள் மூன்று லாரியிலும் இரண்டு வேனிலும் படம்பிடிக்க வந்தார்கள். வந்த மறுநாளே அவர்களுடைய ஒளிப்பதிவாளருக்கு மஞ்சள்காமாலை கண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவர் இடத்தில் எத்தோரே என்கிற உதவியாளனை நிறுத்தினார்கள். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும், அதுவரை பெட்டி தூக்கியும் லென்ஸ் துடைத்தும் காலம் தள்ளியவன். ஊரில் மாடியும் மேல்நாட்டுக் கக்கூசும் இருந்த ஒரே வீடு ஐஸ் கம்பெனி வைத்திருந்த எஸ்தாக்கியுடையது, தவிர எஸ்தாக்கி கொழும்பில் பத்து வருஷம் இருந்து இங்கிலீஷ் பேசக் கற்றவர், ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர். ஆகவே எத்தோரேயை அந்த மாடியில் தங்கவைத்தார்கள். ஊரார் அவனை எத்தோரையா என்று கூப்பிட்டார்கள்.

அந்த எத்தோரேயின் வேலை முறை ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. பகல் முழுக்கத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் தூங்குவான், டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் அசைய மாட்டான். அந்தக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை, ஊருக்குப் பின்னாலிருக்கும் பனங்காட்டுக்குள்தான் இறங்கும். இறங்கியபிறகு, எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு வெளிச்சம் கடல்மேல் முக்கால் மணி நேரம் நிற்கும், மீன் செதிலிலும் பாட்டிலின் உடைந்த கழுத்திலும் ஆட்களின் கன்னத்திலும் ஒரே நிறமாக நிற்கும். அப்போது எத்தோரே எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இடது உள்ளங்கையை நீட்டி அதில் விழுந்த வெளிச்சத்தைப் பார்ப்பான். மீட்டர் வைத்துப் பார்க்க மாட்டான். பார்த்து முடித்ததும் தலையை ஆட்டுவான், காமிரா ஓடும்.

கடைசி நாள் சாயங்காலம் எஸ்தாக்கி அவனுக்கு மாடியில் டீ கொடுத்தார். அந்த அறையில் அவர் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த தேக்கு அலமாரி இருந்தது, மூன்று கதவு, நடுக் கதவில் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிக் கொடியும் திராட்சைக் குலையும் செதுக்கியது. எத்தோரே அதை முதல் நாளே அழகாயிருக்கிறது என்று சொல்லியிருந்தான். அன்றைக்கு டீயை உறிஞ்சிக்கொண்டே அதைத் தடவிப் பார்த்து இரண்டாம் தடவை சொன்னான். கீழே மூன்று லாரி நிற்கிறது, ஆள்பலம் இருக்கிறது, இவன் வாயிலிருந்து இன்னொரு தடவை அந்தச் சொல் வந்துவிட்டால் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று எஸ்தாக்கி பதறி, சட்டென்று ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கடலைப் பாருங்கள் சார் என்றார்.

எத்தோரே பார்த்தான். அலமாரியை மறந்துபோனான். இந்த அந்தி எவ்வளவு அழகு என்றான், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னான், டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மூன்றாவது தடவையும் சொன்னான். எஸ்தாக்கிக்கு உயிர் திரும்பி வந்தது. வழக்கம் வழக்கம்தானே, அதுவும் செலவில்லாத வழக்கம் என்று நினைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பி, அது உங்களுக்குத்தான் சார், வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எத்தோரேயும் சிரித்தான், இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூடி, நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு லாரிகள் போயின. ஆறு மணி சுமாருக்குச் சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியது, இறங்கிய அந்த நொடியில் சோற்றுப்பானையை மூடியதுபோல இருட்டு விழுந்தது.

பெரும்பாலான வள்ளங்கள் அதற்குள் கரை சேர்ந்திருந்தன. சிங்கராயனின் வள்ளம் மட்டும் பாருக்கு வெளியே இருந்தது. பார் என்பது கரைக்கு எதிரே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைத்திட்டு. அதில் வள்ளம் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளிதான் உண்டு, நுரை வெளுப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அதற்குள் திருப்ப வேண்டும். சிங்கராயனுக்கு நுரையைப் பார்க்க வெளிச்சம் இல்லை. மூன்றாம் நாள் அவனைக் கண்டெடுத்தார்கள். சிங்கராயன் எஸ்தாக்கியின் ஒரே தங்கை தஸ்நேவிஸின் புருஷன், அவளுக்கு இருபத்தாறு வயது, இரண்டு பெண்பிள்ளைகள்.

முதல் வாரம் ஊர் அழுதது, இரண்டாம் வாரம் கோவிலில் ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் வைத்தது, மூன்றாம் வாரம் சர்க்காருக்கு மனு எழுதியது. மனுவை எஸ்தாக்கிதான் எழுதினார், செயலாளர் அவர்தானே. காணாமல்போன பொருளின் நீள அகலம் என்ன என்று கேட்டு ஒரு பதில் வந்தது. ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் கருவிகளோடு வந்து கரையில் உட்கார்ந்தார், அந்தி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்து, இருட்டு விழுந்ததில் கருவிகளைத் தேடிப் பொறுக்கவே நேரம் சரியாகப் போய், தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதற்குப்பிறகு ஊர் தன் பாட்டுக்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. கூட்டுக்குத் திரும்ப நேரம் கிடைக்காத கோழிகள் தெருவில் நின்ற இடத்திலேயே உறைந்துபோக, அவற்றைப் பிள்ளைகள் விளக்கு வைத்துக்கொண்டு பொறுக்கி வந்தார்கள். மாலை மணியை எப்போது அடிப்பது என்று கோவிலில் மூன்று மாதம் சண்டை நடந்து, கடைசியில் வள்ளங்கள் திரும்புவதற்காக ஐந்து மணிக்கே அடிப்பது என்று முடிவானது, அதனால் மீன்பாடு குறைந்தது. அந்தியில் குடிக்க ஆரம்பிப்பவர்கள் ஆரம்பிக்கும் நேரம் பிடிபடாமல் திண்டாடினார்கள், அதில் இரண்டு பேர் குடியையே விட்டார்கள், ஒருத்தர் மட்டும் மத்தியானத்திலேயே ஆரம்பித்தார். அந்தியில் தலைவாரிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் காலைக்கு மாற்றிப் பார்த்தார்கள், காலையில் யார்மேலும் அவ்வளவாகக் குறை சொல்ல வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். வடக்கே இரண்டு மைல் தள்ளியிருந்த ஊரில் அந்தி எப்போதும்போல வந்துகொண்டிருந்தது, புதிதாகக் கல்யாணமானவர்கள் அதைப் பார்க்கச் சைக்கிளில் போய் வந்தார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இத்தாலிக்காரன் காமிராவால் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் முடிவு செய்தது. எஸ்தாக்கி அதை மறுக்கவில்லை. மறுக்காததோடு, கமிட்டிக் கூட்டத்தில் ஆமாம், எனக்கும் அந்த ஆள்மேல் சந்தேகம்தான் என்று ஒரு தடவை சொல்லவும் செய்தார். அதைச் சொன்ன நாக்கை அன்றைக்கே அறுத்துப் போட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல வருஷம் அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இத்தாலியில் எத்தோரே பெரிய ஆளானான், ஊர்ப் பேச்சிலும் ‘அவன்’ போய் ‘அவர்’ ஆனார். தொம்மையார்துறையில் எடுத்த படம் ஏதோ ஓர் ஏரிக்கரை ஊரின் விழாவில் பரிசு வாங்கியது, கதையைப் பற்றி யாரும் பேசவில்லை, வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்கப்புறம் பனி கொட்டுகிற தேசத்தில் ஒரு படம், ஒட்டகம் மேய்க்கிறவர்களைப் பற்றி ஒரு படம், ரோமாபுரியில் ஒரு சமையலறைக்குள்ளேயே நடக்கிற படம் என்று முப்பது வருஷத்தில் இருபத்துச் சொச்சம் படம் எடுத்தார், எந்தத் தேசமானாலும் படத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்த அந்தி வந்தது. பெரிய பெரிய டைரக்டர்கள் அவருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்கள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், அந்தப் போட்டோ உலகமெல்லாம் வந்தது.

பங்குச்சாமியார் கஸ்பார் படப் பைத்தியம். எங்கெங்கோ எழுதி அந்தப் படங்களை வரவழைத்துக் கோவில் மண்டபத்தில் போடுவார். மூச்சுமுட்டும் கூட்டம் வரும். பாஷை புரியாது, யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதிலும் தகராறு, ஆனால் அந்த இடம் வந்ததும் வெளிச்சம் திரையை விட்டு இறங்கி மண்டபத்துக்குள் நிற்கும். கருவாட்டு மணம் எழும். கிழவிகள் தங்களை அறியாமல் கொண்டையை அவிழ்த்து வார ஆரம்பிப்பார்கள். ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போய் வள்ளம் வருகிறதா என்று பார்ப்பார்கள். மண்டபத்தைச் சுற்றி நின்ற கோழிகள் வரிசையாகக் கூட்டுக்கு நடக்கும். பிறகு படத்தில் இரவு வந்துவிடும், எல்லாரும் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டும், நம்முடையதை என்ன அழகாக வைத்திருக்கிறான் பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டும் வீட்டுக்குப் போவார்கள். தஸ்நேவிஸ் மட்டும் ஒரு நாளும் அந்த மண்டபத்துக்குள் காலை வைத்ததில்லை. அந்தப் பேரைக் கேட்டாலே மண்ணில் துப்புவாள்.

எஸ்தாக்கி தங்கையைத் தன் வீட்டின் பின்கட்டில் வைத்துக் காப்பாற்றினார். பிள்ளைகள் பெனிட்டாவையும் கிளாராவையும் படிக்க வைத்தார், கிளாராவைக் கட்டிக்கொடுத்தார், பெனிட்டா கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்றபோது அழுதுகொண்டே வழியனுப்பினார். கூடப் பிறந்தவன் என்றால் எஸ்தாக்கி மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரில் பெண்கள் தங்கள் அண்ணன் தம்பிகளைக் குத்திக்காட்டினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் முள் ஏறும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எத்தோரேயிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும், உங்கள் பரிசுக்கு நன்றி என்று ஒரே வரி. அதை ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளங்களை மூடி வைக்கும் உமிக்குள் புதைத்துவிடுவார்.

ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் கஸ்பார் சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். சாமியார், பத்து ஜெபமாலை சொல்லு, தங்கச்சிகிட்டயும் போய்ச் சொல்லு என்றார். எஸ்தாக்கி பத்து ஜெபமாலை சொன்னார், அதற்கு மேலும் பத்துச் சொன்னார், மற்றதற்குப் பதிலாக அதைக் கழித்துக்கொள்வார்கள் என்ற நப்பாசையில் நாற்பது வரைக்கும் போனார். தங்கையிடம் சொல்லவும் மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை பின்கட்டுக்குப் போய், தஸ்நேவிஸ் என்று கூப்பிட்டுவிட்டு நின்றபோது, அவள் நெத்திலிக்கு உப்புப் போட்டபடியே, நீ இல்லைன்னா எம்பிள்ளைகளோட அந்தக் கடல்லயே போயிருப்பேன் அண்ணே என்றாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

முப்பத்தோராவது வருஷம் எத்தோரே வந்தார். இடுப்பு உடைந்து, ஊன்றுகோலோடு, பெனிட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கன்னியாஸ்திரியாகி இத்தாலியில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெனிட்டாவிடம்தான் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, எங்கள் ஊரில் அந்தி கிடையாது, அது போன அன்றைக்குத்தான் என் அப்பா செத்தார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். ஊர்ப் பேரைக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் கஞ்சி குடிக்கவில்லை. அது எனக்கு யாரோ மனமுவந்து கொடுத்தது என்று மட்டும் அவளிடம் சொன்னார், யார் என்று சொல்லவில்லை.

மாடியில் எஸ்தாக்கியும் அவரும் தனியாக உட்கார்ந்திருந்தபோது எத்தோரே நேராகவே பேசினார். நீங்கள் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன், இத்தனை வருஷமும் என் கை செய்கிற வேலை என்று நம்பினேன், வாங்கிய பரிசெல்லாம் என் கைக்கு என்று நம்பினேன் என்றார். திருப்பித் தர வந்திருக்கிறேன், ஆனால் கொடுத்தவர் கேட்டால்தான் தர முடியுமாம், பெனிட்டா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் நிற்கும், நானும் நிற்கிறேன், உங்கள் பேரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். திருப்பிக் கொடுத்தால் உங்கள் படங்கள் என்னாகும் என்று எஸ்தாக்கி கேட்டார். அந்த இடங்கள் இருண்டுபோகும், பேச்சு மட்டும் கேட்கும் என்று சொல்லிவிட்டுக் கிழவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில் ஊர் முழுக்க நின்றது. அந்தி எனக்குக் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தருகிறேன் என்று எத்தோரே சொன்னதைப் பெனிட்டா தமிழில் சொன்னாள். ஒரே கூச்சலாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, நீதான் திருடினாய் என்றார்கள் பெரியவர்கள். பிறந்ததிலிருந்து சொந்த ஊரில் அந்தியைப் பார்த்திராத இளவட்டங்கள், இப்போது அது எதற்கு, இருக்கிற ஒழுங்கு போதாதா, வந்தால் மறுபடி மணி நேரத்தை மாற்ற வேண்டுமே என்றார்கள். கமிட்டித் தலைவர் லெயோன் கையை உயர்த்தி அமர்த்திவிட்டு, கொடுத்தவன் இருந்தால் பேசட்டும், இல்லையென்றால் இவர் காரில் ஏறட்டும் என்றார். எத்தோரே திருடன் என்ற பேரை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். இப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எஸ்தாக்கிக்குத் தெரிந்தது, தனக்கு எழுபது வயதாகிறது, சீக்கிரம் செத்தும் போகலாம். பெண்கள் பக்கம் முன்வரிசையில் தஸ்நேவிஸ் முக்காட்டோடு நின்று, அந்தக் கிழவரைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருந்தாள். தனக்கு வரவேண்டிய பார்வை இன்னொருத்தர்மேல் போவதை முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக எஸ்தாக்கி நேரில் பார்த்தார், அதைத் தாங்க முடியவில்லை.

“நாந்தான் குடுத்தேன்” என்றார்.

“எங்க வீட்டு அலமாரியப் பாத்துக்கிட்டே இருந்தாக. ரெண்டு தடவ நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. இன்னொரு தடவ சொல்லிட்டா அது போயிருமேன்னு ஜன்னலத் தெறந்து விட்டேன். அலமாரி போயிரக் கூடாதுன்னு ஊரு அந்தியக் குடுத்தேன்.” பிறகு எத்தோரேயின் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, “குடுத்ததத் திருப்பிக் கேக்கேன்” என்றார்.

எத்தோரே இடது கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். வேறொன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. யாரும் எஸ்தாக்கியைக் ‘கொடுத்துக் கேட்டவன்’ என்று வையவில்லை, அடிக்கவும் இல்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய கதைதானே, வேணும்னேவா செஞ்சாரு, அலமாரி என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது என்று பேசிக்கொண்டே போனார்கள். தஸ்நேவிஸ் அவர் இருந்த பக்கம் திரும்பவேயில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகள் பெனிட்டாவின் கையைப் பிடித்து நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியது, இருட்டு விழவில்லை. கடல்மேல் அந்த வெளிச்சம் வந்து நின்றது. இளவட்டங்கள் பயந்துபோய் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டார்கள், கைக்குழந்தைகள் வீரிட்டு அழுதன, கிழவிகள் வீடுகளிலிருந்து பாயைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்து உட்கார்ந்து, முப்பத்தோரு வருஷத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். எத்தோரே நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டிப் பார்க்காமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களில் ஒருத்தர்போல வெறுமனே கடலைப் பார்த்தார்.

தஸ்நேவிஸ் எல்லாரையும் தாண்டிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் தனியே நின்றாள். அந்தி இருந்த காலத்தில் புருஷனுக்காகக் காத்து நிற்கும் பெண்கள் அந்த இடத்தில்தான் நிற்பார்கள். இருட்டு பட்டென்று விழுந்த காலத்தில் அங்கே நிற்க ஒருத்திக்கும் நேரம் இருந்ததில்லை, அவளுக்கும் இருந்ததில்லை. எஸ்தாக்கி மெல்ல நடந்து அவளுக்குப் பத்தடி பின்னால் போய் நின்றார். காலில் விழுந்துவிடலாம் என்று வந்தவர், விழ முடியாமல் நின்றார். அவள் கன்னத்திலும் நரைத்த முடியிலும் அந்த நிறம் பட்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“இது எவ்வளவு நேரம் இருக்கும்?”

“முக்கா மணி நேரம்.”

அவள் பார் இருந்த பக்கம் பார்த்தாள். நுரை வெள்ளையாக, துல்லியமாகத் தெரிந்தது, நடுவிலிருந்த இடைவெளியும் தெரிந்தது.

“அங்கேருந்து கரைக்கு வர எங்க வீட்டு அவியளுக்கு அரை மணி போதுமே” என்றாள்.

இருட்ட இன்னும் நிறைய நேரம் இருந்தது.